நெய்வேலிக் காட்டாமணக்கு மறுபடி துளிர்க்காமல் குளத்தை மீட்ட விதம்

மன்னார்குடிப் பக்கத்துக் குளம் இது. கரையோரம் முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்குதான், நீர்நிலைகளை அடைத்துக்கொள்ளும் புதர்ச்செடி. பல ஊர்களில் அரிவாளால் வெட்டிவிட்டுப் போகிறார்கள். மழை பெய்ததும் பழையபடி நிற்கும். சிக்கல் தண்டில் இருக்கிறது. சேற்றில் கிடக்கும் ஒரு சாண் துண்டுகூடக் கணுவுக்குக் கணு வெள்ளை வேர் விட்டுவிடும். வேரோடு எடுத்தால்தான் உண்டு.

ஜூன் 12 மேட்டூர் அணை திறப்புக்கு முன்பே, வைகாசியில் குளம் வற்றியிருக்கும்போது வேலையை முடித்தோம். அடிக்கட்டையைச் சுற்றி மண்ணைக் கொத்தி, கடப்பாரையால் நெம்பினோம். பிடுங்கியதை மேட்டில் பரப்பித்தான் காயவைக்க வேண்டும். குவித்தால் அடியில் இருப்பது பச்சையாகவே கிடந்து வேர்விடும். ஆடுகளை அண்டவிடாதீர்கள், செடி நஞ்சு. அடுத்த மழைக்காலம் முழுக்க, 15 நாளுக்கு ஒருமுறை புதுத் துளிர்களைக் கையால் பிடுங்கினோம். இதை விட்டால் மற்ற எல்லாம் வீண்.

ஜேசிபி வைத்தால் ஆள் கூடவே நிற்கணும். அடிமண்ணை ஒரேயடியாக வழித்தால் அல்லிக் கிழங்கும் கோரைக் கிழங்கும் போய்விடும். ஒரு மூலையைத் தொடாமல் விட்டோம். கரையைச் செங்குத்தாக வெட்டவும் விடவில்லை. 1 அடி ஆழத்துக்கு 4 அடி சரிவு. உள்ளானும் கொக்கும் ஆழமில்லாத தண்ணீரில்தானே மேயும்!

ஐப்பசியில் நடவு: கரை மேல் 12 அடிக்கு ஒன்றாக நீர்மருது, நாவல், புங்கன், நீர்விளிம்பில் தாழை, 1 அடிக்கு ஒரு தூர் வெட்டிவேர். கன்றுகளுக்குச் சீமைக்கருவேல முள்ளே வேலி.