3, 4, 5: புழுத்துளையைத் தாளில் வரைவோம்

வெளியின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் சுரங்கம் போன்ற அமைப்பைப் புழுத்துளை (wormhole) என்பார்கள். மீனாட்சியம்மன் கோயிலை வீதிவீதியாகச் சுற்றியவருக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும். வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, ஆடி வீதி என்று உள்ளே வர வர ஒரு சுற்றின் நீளம் குறையும். கோயிலில் அது கருவறையோடு முடிகிறது. புழுத்துளையில் முடியாது. மிகச்சிறிய சுற்றைத் தாண்டி நேரே நடந்தால் சுற்றுகள் மறுபடி பெரிதாகும். அங்கே இருப்பது வேறொரு வெளி. உடுக்கையின் இடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

1973-இல் ஹோமர் எல்லிஸ், கிரில் பிரான்னிகோவ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குத் தனித்தனியே கண்ட தீர்வை எடுத்துக்கொள்வோம். இடுப்பின் ஆரம் 3 கி.மீ. என்று எழுதுங்கள். (சுற்றளவை 6.28-ஆல் வகுத்து வருவதையே ஆரம் என்கிறேன்.) இடுப்பிலிருந்து 4 கி.மீ. நடங்கள். 3-இன் வர்க்கம் 9, 4-இன் வர்க்கம் 16. கூட்டினால் 25, வர்க்கமூலம் 5. அங்கே சுற்றின் ஆரம் அதுதான். எதிர்ப்பக்கம் −4 போனாலும் அதே 5. நடந்தது 4, ஆரம் கூடியது 2 மட்டுமே! சமதளமாக இருந்தால் 4 கூடியிருக்கும். வெளி வளைந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

படம் வேண்டுமா? ஒரு சங்கிலியை இரு கைகளில் தொங்கவிட்டு, அதன் வளைவைத் தாளில் வரைந்து, தாளைப் பக்கவாட்டில் திருப்புங்கள். உடுக்கையின் ஒருபக்க விளிம்பு கிடைத்துவிட்டது.

இந்த இடுப்பு மூடிவிடாமல் தாங்குவது ஸ்கேலர் புலம். சித்திரை வெயிலில் திருப்பரங்குன்றத்துக்கு ஒரு வெப்பநிலை, மேலூருக்கு ஒரு வெப்பநிலை என்கிறோமே, அதைப்போல இடத்துக்கு ஓர் எண், திசை கிடையாது. தூரத்தை இடுப்பின் ஆரத்தால் வகுத்து, கால்குலேட்டரில் டேன் தலைகீழ் பொத்தானை அழுத்துங்கள்: இந்தப் பக்கம் 53.13 பாகை, இடுப்பில் 0, அந்தப் பக்கம் −53.13. புலம் இதே விகிதத்தில்தான் மாறுகிறது. ஆனால் அதன் இயக்க ஆற்றல் எதிர்க்குறி கொண்டது. அப்படியொரு புலம் இயற்கையில் இதுவரை கண்டறியப்படவில்லை. கற்பிக்கும்போது இதை மறைக்கவே கூடாது.

இனி நிறையைச் சேர்ப்போம். 2019-இல் அலெக்ஸ் சிம்ப்சனும் மாட் விஸ்ஸரும் ஷ்வார்ட்ஸ்சைல்டு கருந்துளையின் (சுழலாத, மின்னூட்டமில்லாத எளிய கருந்துளை) சமன்பாட்டில் ஆரத்துக்குப் பதிலாக நமது வர்க்கமூலத்தை வைத்தார்கள். நிறையை நீளமாகவும் எழுதலாம். சூரியனுக்கு அது சுமார் 1.5 கி.மீ. நாம் 2 என்று வைப்போம். அதன் இருமடங்கான 4 கி.மீ. ஆரத்தில் நிகழ்வெல்லை, அதாவது உள்ளே போனால் ஒளியும் திரும்ப முடியாத எல்லை.

இடுப்பு 5 என்றால் எந்தச் சுற்றும் 4-ஐத் தொடாது. எல்லை இல்லை, போய்வரக்கூடிய புழுத்துளை. இடுப்பு 3 என்றால் 4-ஐக் கடந்தாக வேண்டும். எனவே அது கருந்துளை. ஆனாலும் உள்ளே சுற்று 3-க்குக் கீழே சுருங்காது, வளைவு எங்கும் முடிவிலி ஆகாது, அதாவது ஒருமைப்புள்ளி இல்லை. (இதற்கு ஸ்கேலர் புலத்தோடு, வழக்கமான மின்காந்த விதிக்கு அடங்காத காந்தப் புலமும் தேவை.) இடுப்பு 4 என்றால் எல்லை சரியாக இடுப்பிலேயே விழும்: கடந்து போகலாம், திரும்ப முடியாது.