ஐப்பசி மழைக்கு முன் அடுக்ககத்தின் மழைநீர்க் கிணற்றை உயிர்ப்பிப்பது எப்படி

கிணறு வெட்டுவதும், அதன் சுவராக நிற்கும் சிமென்ட் வளையங்களான உறைகளை இறக்குவதும் எங்கள் குடும்பத் தொழில். 2003இல் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, என் தந்தைக்கும் எனக்கும் மூச்சுவிட நேரமில்லாத அளவுக்கு வேலை வந்தது. இன்று தென் சென்னையில் நான் செய்வது பெரும்பாலும் பழுது பார்க்கும் வேலை. அந்தக் காலத்தில் கட்டப்பட்ட தொட்டிகளின் மூடியைக் கடப்பாரையால் நெம்பி எடுக்கிறேன். மேலே வேப்பஞ்சருகும் பிளாஸ்டிக் உறைகளும் ஒரு சாண் உயரத்துக்குப் படிந்திருக்கும். அடியில் மணல் கட்டி தட்டிப்போய்க் கிடக்கும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அது அப்படியே நிற்கும். கட்டடத்தின் வரைபடத்தில் மட்டும் மழைநீர் சேகரிப்பு நன்றாக இருக்கும்.

2015 டிசம்பர் முதல் தேதி கொட்டிய மழையில் இந்த நகரம் மூழ்கியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு குடிநீர் ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பதை மண்ணைத் தோண்டுகிற எவரும் சொல்வார்கள். ஏரியையும் சதுப்பையும் மேடாக்கி வீடு கட்டினோம். வீட்டைச் சுற்றி மிச்சமிருந்த மண்ணையும் சிமென்டால் மூடினோம். விழுகிற மழைக்கு உள்ளே போக வழியில்லை, தெருவுக்குத்தான் ஓடும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் காப்பதும் ஏரிகளைத் தூர்வாருவதும் அரசின் கையில் இருக்கின்றன. உங்கள் சுற்றுச்சுவருக்குள் விழும் மழை உங்கள் கையில் இருக்கிறது. அதை வெளியே விடாமல், மழைநீர்க் கிணற்றின் வழியாக மண்ணுக்குள் இறக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அடுக்ககக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முதலில் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி நிலத்தில் அது 3 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி என்றால் 25 லாரிக்கும் அதிகம். அத்தனையும் பிடித்துவிட முடியாது. ஆவியாவதும் வழிவதும் போக, பாதி கிடைத்தாலும் போதும். போன சித்திரை, வைகாசியில் லாரிக்குக் கொடுத்த ரசீதுகளை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். ‘இப்போது எதற்கு இந்தச் செலவு’ என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

ஆடி, ஆவணியில் வேலையைத் தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பிடிக்கும். அதற்குப் பிறகு குழியில் ஊற்று ஏறிவிடும், உறை இறக்க முடியாது. ஆவணியில் மாலை நேரத்தில் இடியோடு பெய்யும் மழை உங்களுக்கு ஒத்திகை. குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். மொட்டை மாடியில் எங்கே தேங்குகிறது, எந்தக் குழாயில் வேகமாக வருகிறது, எந்தக் குழாயில் சொட்டுகூட வரவில்லை, வாசலில் எந்தப் பக்கமாகத் தெருவுக்கு ஓடுகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மழை வராவிட்டால் மஞ்சள் தண்ணீர் போதும். ஒரு வாளித் தண்ணீரில் கைப்பிடி மஞ்சள்தூளைக் கரைத்து, மாடியில் ஒரு குழாயின் வாயில் ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே நில்லுங்கள். அது மழைநீர்த் தொட்டிக்கு வருகிறதா, தெரு வடிகாலுக்குப் போகிறதா, கழிவுநீர்த் தொட்டியில் எட்டிப் பார்க்கிறதா என்று தெரிந்துவிடும். கே.கே.நகரில் ஓர் அடுக்ககத்தில் இப்படிச் செய்தோம். ஆறு குழாய்களில் இரண்டில் ஊற்றிய மஞ்சள் கழிவுநீர் மூடிக்குள் தெரிந்தது. ஒன்று எங்குமே வரவில்லை. தோண்டிப் பார்த்தால், குழாய் தரைக்குக் கீழே ஓர் அடி இறங்கி மண்ணுக்குள் அப்படியே முடிந்திருந்தது. அங்கிருந்து தொட்டிக்கு இணைப்பே போடவில்லை. மேலே இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

மழைக்குழாய் கழிவுநீரில் சேர்ந்திருந்தால் முதல் வேலையாக அதைப் பிரியுங்கள். கழிவுநீர்க் குழாய்கள் மழையைத் தாங்கும் அளவில் போடப்பட்டவை அல்ல. பெருமழையில் அது நிரம்பித் திரும்பினால், தரைத்தளத்து வீட்டின் கழிப்பறையில்தான் பொங்கும். அந்த வீட்டில் இருப்பது பெரும்பாலும் மாடி ஏற முடியாத வயதானவர்கள்.

மண்ணைப் படியுங்கள்

எல்லாத் தெருவுக்கும் ஒரே குழியைப் போடுவதால்தான் பாதிக் குழிகள் வீணாகின்றன. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் மணல். பத்தடிக் கிணறு போதும், தண்ணீர் உடனே இறங்கும். கே.கே.நகர், அசோக் நகர், அண்ணா நகர்ப் பகுதிகளில் மேலே களிமண். அங்கே நாலடிக் குழி தோண்டி ஜல்லி போட்டால் அது வெறும் தொட்டிதான். களியைத் தாண்டி மணல் தட்டும் வரை போக வேண்டும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் பாறை வந்துவிடும். கையால் நொறுக்கக்கூடிய மேல்பாறை வரைக்கும் கிணற்றை இறக்கினால் அதன் இடுக்குகளில் நீர் இறங்கும்.

ஒரே தெருவில்கூட மண் மாறும். ஆகவே சோதித்துப் பாருங்கள். கிணறு வரப்போகிற இடத்தில் ஓர் அடி அகலம், இரண்டடி ஆழம் தோண்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். இரண்டாம் முறை நிரப்பி ஒரு குச்சியில் மட்டத்தைக் குறியுங்கள். ஒரு மணி நேரத்தில் வற்றிவிட்டால் மேல்மண்ணே குடிக்கிறது. மறுநாள் காலையிலும் நின்றால் ஆழமாகத்தான் போக வேண்டும். உங்கள் ஆழ்துளைக் கிணறு போட்டபோது எத்தனை அடியில் என்ன மண் வந்தது என்று பழைய செயலாளர் யாராவது எழுதி வைத்திருந்தால், அந்தத் தாள் பொன் போன்றது, தேடி எடுங்கள்.

கிணறு எப்படி இருக்க வேண்டும்

மூன்றடி விட்டமுள்ள சிமென்ட் உறைகள், பக்கவாட்டில் துளையிட்டவை, பதினைந்து அடி வரை. அடியில் சிமென்ட் பூசக் கூடாது. பூசிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஜல்லியோ மணலோ கொட்ட வேண்டாம். இதில் என்னோடு மாறுபடும் மேஸ்திரிகள் உண்டு, ஆனால் நான் உறுதியாகச் சொல்கிறேன்: நிரப்பிய குழியில் வண்டல் அடைத்துவிட்டால், அத்தனையையும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும், அதை யாரும் செய்வதில்லை. காலியாக இருக்கும் கிணறுதான் தூர்வாரப்படும். மேலே கனமான சிலாப், திறக்க ஒரு மூடி, காற்றுக்குழாயின் வாயில் கொசுவலை. வலையை விட்டுவிட்டால் தெருவுக்கே மலேரியாவும் டெங்குவும் கொடுப்பீர்கள்.

பதினைந்து அடிக் கிணறு கொள்வது சுமார் 3,000 லிட்டர். 2,000 சதுர அடி மாடியில் ஒரு மணி நேரம் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் இறங்கும். ஆகவே மாடித் தண்ணீரை முதலில் சம்புக்கு, அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோங்கள்; சம்ப் நிரம்பி வழிவது கிணற்றுக்குப் போகட்டும்; கிணறும் நிரம்பினால் தெரு வடிகாலுக்குப் போக ஒரு வழிகுழாய் வையுங்கள். அன்றைக்கே புழங்க நல்ல தண்ணீரும் கிடைக்கும். வடிகட்டி சம்புக்கு முன்னால் போதும்: அடியில் கூழாங்கல், நடுவில் ஜல்லி, மேலே ஆற்று மணல், அடுக்குகளுக்கு இடையில் நைலான் வலை. மேல் மணலை ஆண்டுக்கு ஒருமுறை அள்ளிக் கழுவிப் போட வேண்டும். ஒவ்வொரு மாடிக் குழாயின் அடியிலும் ஒரு திருகு மூடி வையுங்கள். முதல் மழையில் புறா எச்சமும் சுண்ணாம்புத் தூளும் வரும். மூடியைத் திறந்து அதை வெளியே விட்டுவிட்டு, தண்ணீர் தெளிந்ததும் மூடுங்கள். இதைக் காவலாளிக்குச் சொல்லிக்கொடுத்தால், அவரை மிஞ்சிய பொறியாளர் கிடைக்க மாட்டார்.

வாசலை மறக்காதீர்கள். மாடியில் விழுவதைப் பிடித்துவிட்டு, கார் நிறுத்தும் தளத்தில் விழுவதைத் தெருவுக்கு விடுகிறவர்கள்தான் அதிகம். கேட்டின் உட்புறம் குறுக்கே ஓர் அடி அகல வாய்க்கால், மேலே துளையிட்ட சிலாப், வாய்க்காலின் ஒரு முனையில் தனியாக ஒரு கிணறு. வண்டி எண்ணெய் கலந்த அந்தத் தண்ணீரைச் சம்புக்கோ, ஆழ்துளைக் கிணற்றுக்குள் நேராகவோ விடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுக்குள் நேராக விட வேண்டுமென்றால் வடிகட்டிய மாடித் தண்ணீரை மட்டும் விடலாம். கழிவுநீர்த் தொட்டி உள்ள மனையில் மழைநீர்க் கிணற்றை அதற்கு எதிர்மூலையில் வையுங்கள்.

ஆளை இறக்கும் முன்

பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த குழிக்குள் யாரையும் உடனே இறக்காதீர்கள். நெடுநாள் மூடிய குழியில் பிராணவாயு குறைந்திருக்கும்; கழிவுநீர் கசிந்திருந்தால் விஷவாயுவும் நிற்கும். அந்தக் காலத்தில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அதை நம்பாதீர்கள்: விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மனிதனைக் கொல்லும் அளவுக்கு விஷவாயு இருக்கலாம், தீப்பிடிக்கும் வாயு இருந்தால் விளக்கே ஆபத்து. மூடியை முதல் நாளே திறந்து வையுங்கள், சுற்றிலும் தடுப்புக் கட்டுங்கள், ஊதுவான் வைத்துக் காற்றடியுங்கள், வாயு அளக்கும் கருவி கொண்டுவரச் சொல்லுங்கள். இறங்குபவரின் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு ஆள். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. அப்படித்தான் ஒரே குழியில் இரண்டு, மூன்று உயிர்கள் போகின்றன. அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, அது கழிவுநீர் கலந்த குழி என்று தெரிந்தாலோ மனிதரே இறங்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள். குறைந்த கூலிக்கு ‘நான் இறங்குகிறேன்’ என்று ஒருவர் முன்வந்தாலும் அனுமதிக்காதீர்கள்; அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

அளந்து எழுதுங்கள்

திறந்த கிணறு இருந்தால், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, மோட்டார் போடுவதற்கு முன், கல் கட்டிய கயிற்றை இறக்கித் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று எழுதுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் கருவி வாங்கி அந்த எண்ணையும் குறியுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியில்லாதபோது 2,000 வரை. கடலோரத் தெருக்களில் இந்த எண் ஆண்டுக்காண்டு ஏறினால், உப்புநீர் உள்ளே வருகிறது என்று பொருள். அங்கே மழையை உள்ளே அனுப்புவதைத் தள்ளிப்போடவே கூடாது.

நீங்கள் உள்ளே விட்ட தண்ணீர் உங்கள் சுவரோடு நிற்காது, பக்கத்து மனைக்கும் போகும். அதனால் கோபப்படாமல், பக்கத்துச் சங்கத்தையும் எதிர்வீட்டையும் சேர்த்துக்கொண்டு ஒரே ஆளிடம் விலை பேசுங்கள். நான்கைந்து கிணறுகளை ஒரே தெருவில் சேர்த்துப் போட்டால் உறை ஏற்றிவரும் வண்டிச் செலவு குறையும். விநாயகர் சதுர்த்திக்குள் ஆளைப் பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். புரட்டாசி பாதி தாண்டிவிட்டால் எங்களில் யாரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டோம்.