டெல்டாவுக்குக் கேரவனில் போகிறவர்களுக்கு

என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள், ஊருக்கு வரும்போது கேரவன் எடுத்துக்கொண்டு தஞ்சைப் பக்கம் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போங்கள், தை மாதம் மட்டும் வேண்டாம் என்பேன். சம்பா அறுவடை நேரம் அது. பாதிச் சாலையில் நெல் காயும், மீதிச் சாலையில் அறுவடை இயந்திரம் வரும். திருவையாற்றைத் தாண்டி உள்ளூர்ச் சாலைகளில் இறங்கினால் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், தலைக்கு மேலே தொய்ந்த மின்கம்பி. எதிரே வண்டி வந்தால் யார் வண்டியைப் பின்னால் எடுப்பது என்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

ஆடியில் போங்கள். மேட்டூரில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12 அன்று திறப்பார்கள், ஆடிக்குள் கல்லணை தாண்டி வாய்க்கால் வரை வந்துவிடும். ஜனவரி 28 அன்று மூடுவது வழக்கம், அதன்பின் காவிரியில் மணல்தான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபங்களும் சும்மா கிடக்கும். தண்ணீர், கழிப்பறை, 15 ஆம்பியர் பிளக், வாட்ச்மேன் எல்லாம் அங்கே உண்டு. பேசினால் வளாகத்தில் நிறுத்த விடுவார்கள். காற்றோட்டமாக இருக்கிறதே என்று ஆற்றுப் படுகையில் மட்டும் நிறுத்தாதீர்கள். மேலே திறந்துவிட்டால் கொள்ளிடம் யாரையும் கேட்டுக்கொண்டு வராது.

சரி, இனி சொந்தக்காரர்கள்.

ஊருக்குள் கேரவன் நுழைந்ததும் பையன்கள் "ஹீரோ யாரு?" என்று பின்னாலேயே ஓடிவருவார்கள். அது பரவாயில்லை. என் சித்தப்பா வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு இருக்கறப்ப வண்டியில படுப்பியாடா? ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார். மறுநாள் காலையில், காபி டம்ளரை என் கையில் கொடுத்தபடியே, "வந்ததே வந்துட்ட, ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடு."

ஒரு கையெழுத்து! நிலம் இன்னும் தாத்தா பெயரில். அப்பா பங்கு எனக்கு வர வாரிசு சான்றிதழ் வேண்டும். அதற்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழ். அதில் அவர் பெயர் ஒரு மாதிரி, என் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. இருவரும் ஒரே ஆள் என்று சான்று வாங்க கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனால், வாசலில் விவசாயிகள் கூட்டம். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் போட அவர்களுக்கு அடங்கல், அதாவது எந்த வயலில் என்ன பயிர் என்ற பதிவு, வேண்டும். குவித்து வைத்த நெல் தார்ப்பாயின் கீழே கிடக்கிறது, வானம் வேறு மூடிக்கொண்டு வருகிறது. அந்த வரிசையில் கூலிங் கிளாஸோடு நான். பக்கத்தில் நின்றவர், "உங்களுக்கு எத்தனை மூட்டை?" என்றார். என்ன சொல்வது?

எரிச்சலில் சித்தப்பாவிடம், பங்கே வேண்டாம், விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதைப் பதியவும் அதே காகிதங்கள்தான் வேண்டுமாம். "நீங்கல்லாம் வெளிநாட்டுல இருக்கீங்க, உழறது நான். பட்டா தாத்தா பேர்லயே இருந்தா எனக்கு எவன்டா கடன் கொடுப்பான்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே நிலம் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே பெயர் எழுத்துகளைச் சரிபாருங்கள். நேரில் வர முடியாதென்றால், உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தை, நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் விவசாய நிலத்தைப் பரம்பரையாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. பக்கத்து வயல் மலிவாக வருகிறது என்று மாமா ஆசை காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அப்புறம், பத்திர அலுவலகத்துக்குப் பேருந்தில் போங்கள். கேரவனைப் பார்த்ததும் பத்திர எழுத்தர் சொல்லும் கட்டணமே வேறு.