டர்பனில் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு கஸ்டம் கார் தொழிலுக்குப் போவது எப்படி

ராஜினாமாக் கடிதத்தைக் கடைசியில் எழுதுங்கள். துறைமுக ஆபீசிலோ வங்கியிலோ இன்சூரன்ஸ் கம்பெனியிலோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மனசை மட்டும் கராஜில் வைத்திருக்கும் நம் ஆட்கள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் முதலில் செய்ய நினைப்பது வேலையை விடுவதைத்தான். வேண்டாம். சம்பளம் வருகிற காலத்தில்தான் இந்தத் தொழிலை மலிவாகக் கற்றுக்கொள்ள முடியும். தகட்டைக் கெடுத்தாலும், பெயிண்டை வீணடித்தாலும், மாசக் கடைசியில் சம்பளத்திலிருந்து வீட்டு வாடகை கட்டிவிடலாம் அல்லவா, அதுதான் கணக்கு.

கஸ்டம் கார் செய்வது என்று ஒரே ஒரு தொழில் கிடையாது, இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தகடு வெட்டி வெல்டிங் செய்பவர் ஒருவர், பட்டி பார்த்து பெயிண்ட் அடிப்பவர் இன்னொருவர், வயரிங் தனி, சீட் தையல் தனி, ஃபைபர் கிளாஸ் தனி. எல்லாவற்றையும் ஓரளவு தெரிந்தவர் முதலாளி ஆகலாம், ஆனால் ஏதாவது ஒன்றைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவருக்குத்தான் முதலில் கூலி கிடைக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் எஞ்சின் பக்கம் ஓடுகிறார்கள். சிட்டி கோல்ஃப் என்ற சின்ன ஃபோக்ஸ்வேகன் காரில் பெரிய எஞ்சின் வைப்பதும், நிசான் 1400 பக்கியில், அதாவது சின்ன பிக்கப் வண்டியில், டொயோட்டா எஞ்சினை இறக்குவதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அதைச் செய்யத் தெரிந்தவர்களும் டர்பனில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். நல்ல தகடு வேலைக்காரர்தான் கிடைப்பதில்லை. சிட்டி கோல்ஃப் 2009-இலும், 1400 பக்கி 2008-இலும் நின்றுபோன வண்டிகள். ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் கடல் காற்றில் துருப்பிடித்துக்கொண்டு இருக்கின்றன. அதனால் என் யோசனை, தகட்டையும் வெல்டிங்கையும் பிடியுங்கள், மற்றது பிறகு வரட்டும்.

தென்னாப்பிரிக்காவில் இது சின்னத் தொழில் என்று நினைக்க வேண்டாம். 1950-களின் கடைசியிலேயே கேப் டவுனில் ஜி.எஸ்.எம். டார்ட் என்ற ஃபைபர் கிளாஸ் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து ஓட்டினார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் பேசில் கிரீன், ஃபோர்டு கேப்ரிக்குள் 5 லிட்டர் வி8 எஞ்சினை வைத்து கேப்ரி பெரானா என்று விற்றார். போர்ட் எலிசபெத்தில் (இப்போது க்கெபெர்ஹா) செய்கிற சூப்பர்ஃபார்மன்ஸ் கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது. நம் ஊர்ப் பக்கம் பார்த்தால், பேக்டிராஃப்ட் கோப்ராவும் டர்பனில் உருவாகி அமெரிக்கா போன வண்டிதான், பிரிட்டிஷ் லோட்டஸ் செவன் ஸ்போர்ட்ஸ் காரின் வடிவில் வந்த பர்கின் பைன்டவுன்காரர்களின் வேலை. ஆக, கைக்கு வேலை தெரிந்தால் அது செல்லும் இடம் டர்பனின் பிரிக்ஃபீல்ட் ரோடு மட்டும் அல்ல.

சரி, எப்படி ஆரம்பிப்பது? ஸ்கிராப் யார்டுக்குப் போய், அடியில் துருப்பிடித்த ஒரு கதவை வாங்குங்கள். முழுக் கார் வேண்டாம், ஒரே ஒரு கதவு போதும். முழுக் காரை வாங்கி வாசலில் நிறுத்தியவர்கள் பலர் அதன் மேல் தார்ப்பாய் போட்டு வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கதவு என்றால் மேஜை மேல் வைத்து வேலை செய்யலாம், முடிக்கலாம், அடுத்ததை வாங்கலாம். அந்தக் கதவில் துருவை வெட்டி எடுத்து, அதே அளவில் ஒட்டுத் தகடு வெட்டி, பற்றவைத்து, அரைத்து, பட்டி போட்டு, ப்ரைமர் அடித்து, கலர் அடித்து, கிளியர் அடித்து, வெயிலில் சாய்த்து வைத்துப் பாருங்கள். அதில் தெரியும் அலையே உங்கள் மார்க் ஷீட்.

வெல்டிங்கில் ஆரம்பக்காரர் எல்லாருக்கும் நடப்பது ஒன்றுதான், தகடு முறுக்கிக்கொள்ளும். கார் உடம்பின் தகடு ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர், அதில் இழுத்துக்கொண்டே ஒரு கோடு போட்டால் சூடு ஏறி அலை அலையாகிவிடும், அந்த அலையைத் தட்டி எடுக்க வெல்டிங்கை விட பத்து மடங்கு நேரம் ஆகும். மிக் வெல்டிங் மெஷினில் 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கான்-கார்பன் டை ஆக்சைடு கலவை கேஸ், புள்ளி வைப்பது போல ஒரு தட்டு, அரை அடி தள்ளி இன்னொரு தட்டு, பிறகு எதிர்ப்பக்கம். கையை வைத்துப் பார்த்துச் சூடு தணிந்த பிறகு இடையில் உள்ளதை நிரப்ப வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆறவைக்கும் அவசரக்காரர்கள் உண்டு, நீங்கள் அவர்களில் ஒருவராக வேண்டாம், தானாக ஆறட்டும். காரில் நேரடியாகச் செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கையும் பெட்ரோல் பைப்பையும் அந்தப் பக்கத்திலிருந்து அகற்றுங்கள், கார்ப்பெட்டை உரித்துப் போடுங்கள். ஜிங்க் பூசிய தகடாக இருந்தால் பூச்சை அரைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும், அந்தப் புகையை மூச்சில் எடுத்தால் இரவில் காய்ச்சல் வரும்.

டர்பனில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனித் தொல்லை, ஈரக்காற்று. காலையில் பளபளவென்று அரைத்துவிட்ட வெறும் தகடு மறுநாள் காலையில் காவி நிறத்தில் சிரிக்கும். அரைத்த அன்றே எபாக்சி ப்ரைமர் அடித்துவிட வேண்டும், சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருந்தால் அரைக்கவே தொடங்காதீர்கள். கம்ப்ரசரில் நீர் பிரிக்கும் ஃபில்டர் இல்லாமல் ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொட வேண்டாம், இல்லையென்றால் பெயிண்டில் மீன் கண் மாதிரி குழி குழியாக வரும். வெயில் நாளில் மெதுவாக உலரும் தின்னர், குளிர் நாளில் வேகமாக உலரும் தின்னர். இதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, டின்னில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதும் இல்லை.

அடுத்து, சனிக்கிழமைகள். ஜேக்கப்ஸ், கிளேர்வுட், மோபெனி, பைன்டவுன் பக்கம் சின்ன பேனல் பீட்டிங் ஒர்க்‌ஷாப்புகள் நிறைய உண்டு. அங்கே போய், கூலி வேண்டாம், சனிக்கிழமை வந்து தேய்க்கிறேன் என்று கேளுங்கள். நாலு இடத்தில் வேண்டாம் என்பார்கள், ஐந்தாவது இடத்தில் உப்புத்தாளைக் கையில் கொடுப்பார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வேறு எங்கும் கிடைக்காத படிப்பு அங்கே இருக்கிறது. நான் போன இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார், ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பவர். ப்ரைமர் மேல் கறுப்பு பெயிண்டைத் தூசி மாதிரி லேசாகத் தூவிவிடுவார், நீளமான கட்டையில் தாளைச் சுற்றித் தேய்க்கச் சொல்வார். மேடு இருந்தால் கறுப்பு முதலில் போய்விடும், பள்ளத்தில் கறுப்பு அப்படியே நிற்கும். எல்லாம் போனதும் மெல்லிய பருத்தித் துணியைத் தகட்டில் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை விரித்து, விரல் இருக்கும் திசையிலேயே நீளவாக்கில் நகர்த்துவார். "கண்ணை மூடு தம்பி, கண்ணு பொய் சொல்லும், கை சொல்லாது" என்பார். பட்டியை 3 மில்லிமீட்டருக்கு மேல் போடவிடமாட்டார், அதற்கு மேல் தேவைப்பட்டால் தகட்டை மறுபடி தட்டு என்று சுத்தியலைக் கொடுத்துவிடுவார். தாள் வரிசையும் அங்கே பழகியதுதான்: பட்டிக்கு 80, பிறகு 180, ப்ரைமரில் 320, 400, கலர் அடிக்கும் முன் 800 நீர் ஊற்றி, கிளியர் மேல் 2000. நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்திய தாளின் கீறல் கலருக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

உடம்பு விஷயத்தில் விளையாட வேண்டாம். 2கே பெயிண்டில், அதாவது இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயிண்டில், சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது ஆஸ்துமாவை வரவழைக்கும், ஒருமுறை வந்துவிட்டால் அந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கலாம். வெறும் தூசி மாஸ்க் அதற்குப் போதாது, வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க் வேண்டும். பெரியவர்கள் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்த்து அதுதான் தைரியம் என்று நினைக்காதீர்கள்.

முறையாகச் சான்றிதழ் வேண்டும் என்றால் இரண்டு வழிகள். ஒன்று, ஒர்க்‌ஷாப் உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டு, மெர்செட்டா என்ற தொழிற்பயிற்சி அமைப்பில் பதிவு செய்த அப்ரென்டிஸ் ஆவது. படிப்புக்கு கோஸ்டல் கே.இசட்.என்., தெக்வினி மாதிரி டிவெட் (தொழிற்கல்வி) காலேஜ்கள் டர்பனிலேயே இருக்கின்றன. முடிவில் ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வு, ஒலிஃபன்ட்ஸ்ஃபான்டைனில் உள்ள இன்ட்லேலா என்ற அரசுத் தேர்வு மையத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு மையத்திலோ எழுதலாம், பாஸானால் ரெட் சீல் ஆர்ட்டிசன், அதாவது சான்றிதழ் பெற்ற கைவினைஞர். இன்னொன்று, ஏற்கெனவே பல வருஷம் கையால் வேலை செய்தவர்களுக்கு ஏ.ஆர்.பி.எல்., அதாவது அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நேராக ட்ரேட் டெஸ்டுக்கு அனுப்பும் வழி. அதற்குச் சாட்சி வேண்டும், அதனால் முதல் கதவிலிருந்தே படம் எடுத்து வையுங்கள், யார் ஒர்க்‌ஷாப்பில் எந்த மாசம் என்ன செய்தீர்கள் என்று எழுதி அவர் கையெழுத்தும் வாங்குங்கள். கஸ்டம் கார் வாங்க வருபவன் சான்றிதழைக் கேட்கமாட்டான், இன்சூரன்ஸ் வேலை எடுக்கும் ஒர்க்‌ஷாப் கேட்கும். சோறு போடுவது பெரும்பாலும் அந்த இன்சூரன்ஸ் வேலைதான்.

இனி பணம். பயிற்சிக் காலத்தில் கையில் வருவது தேசியக் குறைந்தபட்சக் கூலியை ஒட்டித்தான் இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. நீங்களாக ராஜினாமா செய்தால் யு.ஐ.எஃப்., அதாவது வேலையில்லாதவருக்கான காப்பீட்டுப் பணம் கிடையாது, அதை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் நாலு வாரம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஓய்வூதியப் பணம் 2024 செப்டம்பர் 1-லிருந்து பிரித்து வைக்கப்படுகிறது: மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பகுதி, இரண்டு பங்கு ஓய்வுவரை தொட முடியாதது. அதற்கு முன் சேர்ந்த தொகையை ராஜினாமாவின்போது எடுக்கலாம், முதல் 27,500 ராண்டுக்கு மேல் வரி பிடிப்பார்கள், அந்த 27,500-உம் வாழ்நாளுக்கு ஒரே தடவைதான். வெல்டிங் மெஷின் வாங்குவதற்காக அதில் கை வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை, ஓய்வூதியப் பணத்தை அப்படியே காத்துவைக்கும் ப்ரிசர்வேஷன் ஃபண்டுக்கு மாற்றிவிட்டு மறந்துவிடுங்கள். மெடிக்கல் எய்டை (மருத்துவக் காப்பீட்டை) விட்டால், 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்து மறுபடி சேரும்போது மூன்று மாசப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 12 மாசம் வரை காத்திருப்பும் போடலாம். கிரைண்டரும் வெல்டிங்கும் இருக்கும் தொழிலில் அதை விடுவதற்கு முன் ரெண்டு தடவை யோசியுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒர்க் விசாவில் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெனரல் ஒர்க் விசா உங்கள் முதலாளியோடு கட்டப்பட்டது, வேலையை விட்டால் விசாவும் போச்சு. முதலில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை, அப்புறம் கிரைண்டர்.

வீட்டில் சொல்வது எப்படி என்று கேட்டால், முடித்த கதவைக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். "அப்பா, நான் வேலையை விடப்போறேன்" என்று தொடங்கினால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒரு வருஷச் செலவைத் தாளில் எழுதி, எந்த மாசத்தில் பணம் இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பழைய மாதிரி வேலை தேடுவேன் என்று தேதியும் போட்டுக் கொடுங்கள். மனைவிமார் பெரும்பாலும் கனவுக்கு எதிரி இல்லை, கணக்கில்லாத கனவுக்குத்தான் எதிரி.

காரின் காகிதங்களைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தொழிலில் ஒருவர் வண்டியைக்கூடத் தொட வேண்டாம். எஞ்சினை மாற்றினால் போலீஸ் கிளியரன்ஸ் எடுத்து ஈநேட்டிஸ் என்ற தேசிய வாகனப் பதிவில் எண்ணை மாற்ற வேண்டும், அதற்கு அந்த எஞ்சின் எங்கே வாங்கியது என்ற ரசீது வேண்டும். ரசீது தராத ஸ்கிராப் யார்டில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பல வண்டிகளின் பாகங்களிலிருந்து கட்டிய காருக்கு போலீஸ் தரும் சாப்வின் என்ற அடையாள எண், எடை மேடைச் சீட்டு, ரோட்வொர்த்தி (சாலைக்குத் தகுதி என்ற சான்று) எல்லாம் உண்டு. விற்பதற்காகவே கார்களைக் கட்டுவதென்றால் பில்டராகப் பதிவு செய்ய வேண்டும். வாங்கும் வண்டியின் பதிவில் கோட் 3 என்று இருந்தால் அது மறுபடி கட்டிய வண்டி, சாலைக்கு வரலாம். கோட் 3ஏ பாகங்களுக்கு மட்டும், கோட் 4 நசுக்குவதற்கு, இவை இரண்டையும் எவ்வளவு அழகாகச் செய்தாலும் நம்பர் பிளேட் கிடைக்காது. மாற்றம் செய்த வண்டியை இன்சூரன்சில் சொல்லிவைக்கும்படி வாடிக்கையாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

முதல் கூலி வேலை வரும்போது முழுக் காருக்கு ஒரே விலை சொல்லாதீர்கள். பெயிண்டுக்கு அடியில் எவ்வளவு துரு இருக்கிறது என்பது கழற்றும் வரை யாருக்கும் தெரியாது. கழற்றிப் பார்ப்பதற்கு ஒரு கூலி, பார்த்த பிறகு மணிக்கணக்கு, பாகங்களுக்கு முன்பணம், தினமும் இரண்டு படம் வாட்ஸ்அப்பில். முடிந்த வண்டியை எடுக்காமல் இழுத்தடிப்பவர்களுக்கு நாள் வாடகை உண்டு என்பதையும் முதல் நாளே சீட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி.