கிப்சனா, மார்ட்டினெஸா? வெவ்வேறு காலத்துப் பேஸ்போல் பந்துவீச்சாளர்களை ஒப்பிடும் முறை

திருகோணமலையில் பேஸ்போல் விளையாடுபவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ரொறன்ரோவில் உறவினர் உள்ளவர்களைத் தேட வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு ரொறன்ரோவின் புளூ ஜேய்ஸ் அணி இறுதித் தொடருக்கு வந்து, ஏழாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸ் அணியிடம் தோற்றபோது, அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை இங்கே அதிகாலை ஐந்தரைக்குக் கைத்தொலைபேசியில் பார்க்கும் பழக்கம் உவர்மலையிலும் உப்புவெளியிலும் சிலருக்கு ஏற்பட்டது. அதனுடன் கூடவே ஒரு வழக்கும் வந்து சேர்ந்தது. டொட்ஜர்ஸ் அணியின் யமமோட்டோ இரண்டாவது ஆட்டம் முழுவதையும் தாமே வீசி முடித்ததைக் கண்டு மருமகன் வியக்க, தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் மாமா, புளூ ஜேய்ஸின் பழைய பந்துவீச்சாளர் ரோய் ஹலடே 2003இல் ஒரே பருவத்தில் ஒன்பது ஆட்டங்களை அப்படி வீசி முடித்தவர் என்று சொல்லி அந்த வியப்பை அடக்கிவிடுகிறார். இத்தகைய வழக்கை எண்களைக் கொண்டு எவ்வாறு தீர்ப்பது என்பதையே இங்கு விளக்குகிறேன்.

முதலில் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'யார் சிறந்தவர்' என்பது ஒரே கேள்வியைப் போல் தோன்றினாலும் அதற்குள் மூன்று கேள்விகள் உள்ளன. தம் காலத்தவரோடு ஒப்பிடும்போது யார் மிக உயர்ந்து நின்றார் என்பது ஒன்று. தம் அணிக்காக யார் அதிகச் சுமையைத் தாங்கினார் என்பது மற்றொன்று. 1910ஆம் ஆண்டின் பந்துவீச்சாளர் வோல்டர் ஜோன்சனை இன்று களத்தில் இறக்கினால் என்ன நடக்கும் என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விக்கு எந்த எண்ணும் விடை தராது. பொழுதுபோக்காகப் பேசலாம், ஆனால் கணக்குப் போடும்போது அதை ஒதுக்கிவைப்பதே நல்லது. எஞ்சிய இரண்டில் எதைக் கேட்கிறோம் என்பதை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாவிட்டால், எவ்வளவு நேரம் வாதிட்டாலும் முடிவு கிடைக்காது.

அடுத்து, வெற்றிகளின் எண்ணிக்கையைக் கைவிட வேண்டும். 1890 முதல் 1911 வரை ஆடிய சை யங் பெற்ற 511 வெற்றிகளை இனி எவரும் எட்டப்போவதில்லை. ஏனெனில் அவர் 749 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் இறுதி வரை தாமே வீசினார். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் இன்றைய பந்துவீச்சாளர் ஆறு இன்னிங்ஸ் வீசி ஓய்வெடுக்க, வெற்றியோ தோல்வியோ பின்னால் வருபவர்களின் கையில் போய்விடுகிறது. 2018இல் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றி, 9 தோல்வி என்ற சாதாரணமான பதிவோடு, ஆனால் 1.70 என்ற ஈ.ஆர்.ஏ.யோடு (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி), சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதைப் பெற்றார். விருது வழங்குவோரே வெற்றிகளை எண்ணுவதை விட்டுவிட்ட பிறகு நாம் அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

அந்த ஈ.ஆர்.ஏ.தான் நமது அடிப்படை அளவை. களத்தடுப்புப் பிழைகளால் வந்தவற்றை நீக்கி, பந்துவீச்சாளர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களை ஒன்பதால் பெருக்கி, அவர் வீசிய இன்னிங்ஸ் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். கிரிக்கெட் பந்துவீச்சுச் சராசரியைப் போலவே இதுவும் குறைவாக இருப்பது நல்லது. காலம் மாறும்போது பொருள் மாறிவிடும் குறையும் அதே போன்றதுதான். எஸ். எஃப். பார்ன்ஸின் 16.43 முரளிதரனின் 22.72ஐவிடச் சிறியது என்பதற்காக மட்டும் நம் ஊரில் யாரும் பார்ன்ஸை மேலே வைத்துவிட மாட்டார்கள். முதலாம் உலகப் போருக்கு முன்னிருந்த ஆடுகளங்களைப் பற்றி உடனே பேச்சு எழும். பேஸ்போலிலும் அதே எச்சரிக்கை வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். செயின்ட் லூயிஸ் அணியின் பொப் கிப்சன் 1968இல் பெற்ற ஈ.ஆர்.ஏ. 1.12. பொஸ்டன் அணியின் பெட்ரோ மார்ட்டினெஸ் 2000இல் பெற்றது 1.74. வெறும் எண்ணைப் பார்த்தால் கிப்சன் வெகுதூரம் முன்னால் நிற்கிறார். ஆனால் 1968 பந்துவீச்சாளர்களின் ஆண்டு என்றே பெயர் பெற்றது. பெரிய லீக்குகள் இரண்டில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் துடுப்பாட்டத்தில் முதலிடம் பெற்றவரின் சராசரிகூட .301தான் (பத்து வாய்ப்புகளில் ஏறத்தாழ மூன்று வெற்றியடி). நிலைமை அந்த அளவுக்குப் போனதால், அடுத்த ஆண்டே பந்துவீசும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். ஆகவே ஒவ்வொருவரின் லீக் சராசரியையும் எடுத்து, அதை அவரவர் ஈ.ஆர்.ஏ.யால் வகுக்க வேண்டும். 1968இல் கிப்சன் ஆடிய மற்றப் பெரிய லீக்கான நஷனல் லீக்கின் சராசரி 2.99, 1.12ஆல் வகுத்தால் 2.67. 2000இல் அமெரிக்கன் லீக்கின் சராசரி 4.91, 1.74ஆல் வகுத்தால் 2.82. மார்ட்டினெஸ் முந்திவிட்டார்.

இதோடு மைதானத்தையும் சேர்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் மென்பந்துக் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு, எந்த முனையிலிருந்து வீசுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. பேஸ்போல் மைதானங்களின் எல்லைகளும் உயரமும் காற்றும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், அந்த வேறுபாட்டையும் திருத்தி, லீக் சராசரியை 100 எனக் கொண்டு, கூடக்கூட நல்லது என்று காட்டும் 'ஈ.ஆர்.ஏ. பிளஸ்' என்ற அளவை பேஸ்போல் ரெஃபரன்ஸ் இணையத்தளத்தில் ஒவ்வொரு வீரரின் பெயருக்கு நேராகவும் கிடைக்கிறது. அதில் கிப்சனுக்கு 258, மார்ட்டினெஸுக்கு 291. முதல் கேள்விக்கான விடை இதுவே.

இரண்டாவது கேள்விக்கு வந்தால் கதை மாறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். கிப்சன் வீசியது 304 இன்னிங்ஸுக்கும் மேல். மார்ட்டினெஸ் வீசியது 217. லீக் சராசரிக்கும் அவரவர் ஈ.ஆர்.ஏ.க்கும் உள்ள இடைவெளியை இன்னிங்ஸால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால், சராசரிப் பந்துவீச்சாளரைவிடக் கிப்சன் ஏறத்தாழ 63 ஓட்டங்களையும் மார்ட்டினெஸ் ஏறத்தாழ 76 ஓட்டங்களையும் மிச்சப்படுத்தியிருப்பது தெரியும். இன்னும் மார்ட்டினெஸே முன்னிலை. ஆயினும் ஓட்டத்தின் விலை இரு ஆண்டுகளிலும் ஒன்றல்ல. 1968இல் அந்த லீக்கில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்தது சராசரியாக 3.43 ஓட்டங்கள், 2000இல் மற்ற லீக்கில் 5.30. ஓட்டம் அரிதாக இருந்த காலத்தில் ஒவ்வோர் ஓட்டமும் வெற்றியைத் தீர்மானிக்கும் வாய்ப்பு அதிகம். 63ஐ 3.43ஆல் வகுத்தால் 18 ஆட்டங்களின் ஓட்டங்கள், 76ஐ 5.30ஆல் வகுத்தால் 14 ஆட்டங்களின் ஓட்டங்கள். இந்தக் கடைசி வகுத்தல் துல்லியமான அளவை அன்று, சற்றுக் கரடுமுரடானதுதான். மைதானத் திருத்தமும் இதில் இல்லை. எனினும் வெற்றிகளில் பங்கு என்று பார்க்கும்போது கிப்சனைப் பின்தள்ளிவிட முடியாது என்பதை இது காட்டப் போதும்.

ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளால் துடுப்பாட்டக்காரர் ஆட்டமிழப்பது) எண்ணிக்கைக்கும் இதே விதிதான். இன்றைய துடுப்பாட்டக்காரர்கள் நீண்ட அடிக்காக முழு வீச்சில் மட்டையைச் சுழற்றுவதால் எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் அது உயர்ந்துள்ளது. வேகத்தை ஒப்பிடும்போது எங்கே அளந்தார்கள் என்று கேளுங்கள். 1974இல் நோலன் ரயனின் பந்து மணிக்கு 100 மைலைக் கடந்ததாக அளக்கப்பட்டபோது, அது துடுப்பாட்டக்காரருக்கு அருகில் வந்த நிலையில் எடுத்த அளவு. இன்றைய கருவிகள் கையைவிட்டு நீங்கும் இடத்திலேயே அளக்கின்றன. வழியில் பந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வேகத்தை இழக்கிறது என்பதால், இரு எண்களையும் பக்கத்தில் வைப்பது ரயனுக்கு அநீதி.

அட்டவணையில் தெரியாத ஒன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். 1947இல் ஜாக்கி ரொபின்சன் வரும் வரை கறுப்பின வீரர்களுக்குப் பெரிய லீக்குகளின் கதவு மூடப்பட்டிருந்தது. பந்துவீச்சாளர் சச்சல் பேஜ் உள்ளே வந்தது 1948இல், 42ஆவது வயதில். கறுப்பின வீரர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீக்குகளின் பதிவுகள் 2024இல்தான் பெரிய லீக்கின் சாதனைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எனவே 1947க்கு முற்பட்ட ஒருவர் தம் காலத்தவரைவிட உயர்ந்து நின்றார் என்று சொல்லும்போது, அந்தக் காலத்தவரில் யார் யார் விலக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு நல்ல சோடி வேண்டுமென்றால், ஒரே அணி (டொட்ஜர்ஸ்), ஒரே மைதானம், இடக்கை வீச்சு என்று மூன்றும் பொருந்தும் சாண்டி கூஃபாக்ஸையும் கிளேட்டன் கெர்ஷோவையும் எடுங்கள். 1966இல் கூஃபாக்ஸின் ஈ.ஆர்.ஏ. 1.73, ஈ.ஆர்.ஏ. பிளஸ் 190. 2013இல் கெர்ஷோவுக்கு 1.83, 194. நான்கு புள்ளிகளை வேறுபாடாகவே கொள்ளக் கூடாது. பத்துக்குள் இருந்தால் சமம் என்றே நான் எழுதுவேன். வீசிய இன்னிங்ஸோ 323க்கு எதிராக 236. இங்கே கூஃபாக்ஸ் வென்றுவிட்டார் என்று அவசரப்படாமல், 300 இன்னிங்ஸைக் கடைசியாக எட்டியவர் 1980இல் ஸ்டீவ் கார்ல்டன் என்பதையும் பாருங்கள். கெர்ஷோவின் காலத்தில் அந்தச் சுமையை எவருக்கும் கொடுக்கவில்லை. கூஃபாக்ஸோ மூட்டுவாதத்தால் அந்த 323 இன்னிங்ஸ் பருவத்தோடு 30 வயதில் ஓய்வு பெற்றார். கெர்ஷோ 2008 முதல் 2025 வரை ஆடினார். அணிக்காகச் சுமந்த பாரத்தை ஒரே பருவத்தில் அளந்தால் கூஃபாக்ஸ், ஆயுள் முழுவதற்கும் அளந்தால் கெர்ஷோ என்றே நான் தீர்ப்பு எழுதுவேன்.