பிரபலங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது காலத்தில் விடும் பிழைகள்

ஒரு திங்கட்கிழமை மாலை. திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடக்கும் ரியூசன் வகுப்புக்கு ஒரு பிள்ளை மூச்சு வாங்க ஓடி வந்தாள். முதல் நாள் நிலாவெளிக் கடற்கரையில் ஒரு சினிமா நடிகரைப் பார்த்தாளாம். யாரென்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. நிம்மதியாகக் கடலில் குளித்துவிட்டுப் போக வந்த மனுசன். வகுப்புக்குள் ஆங்கிலம்தான் கதைக்க வேண்டும் என்பது என் சட்டம் என்பதால், பிள்ளை அந்தப் பரவசத்திலும் ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "ரீச்சர், யெஸ்டர்டே ஐ ஹேவ் சீன் ஹிம்! ஹி இஸ் வெயரிங் எ ப்ளாக் ஷர்ட். ஐ டிட் நொட் ஆஸ்க்ட் ஃபோர் எ செல்ஃபி."

மூன்று வசனம், மூன்று பிழை. மூன்றும் காலப் பிழை. அவள் கதையை முடிக்கும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. நடிகரைப் பார்த்த சந்தோசத்தை இலக்கணத்தால் கெடுக்கக் கூடாது. பிறகு அந்த மூன்று வசனத்தையும் பலகையில் எழுதினேன். நேற்றைய சட்டைக்கு 'இஸ் வெயரிங்' அல்ல, 'வோஸ் வெயரிங்'. மற்ற இரண்டும் கீழே வரும். அன்றைய பாடம் அதுவே ஆயிற்று.

ஆங்கில வசனங்களை நான் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். என் பிள்ளைகளும் பாடப்புத்தகத்தில் ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் இப்படித்தான் எழுதி வைப்பார்கள். கண்டால் அழிக்கச் சொல்வேன். இன்றைக்கு எனக்கே அது உதவுகிறது, என்ன செய்வது.

காலங்களை அட்டவணை போட்டுப் பாடமாக்கினால் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடும். பிரபலங்களை வைத்துப் படித்தால் அப்படி மறக்காது. முரளிதரன் எப்போது விளையாடினார், ரஹ்மான் எப்போது ஒஸ்கார் வாங்கினார் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆண்டு தெரிந்தால், வினைச்சொல்லில் காலம் பிசகும்போது காது உடனே கண்டுபிடித்துவிடும்.

ஆண்டைச் சொன்னால் 'ஹேவ்' வேண்டாம்

'யெஸ்டர்டே ஐ ஹேவ் சீன்' என்பது நம் பக்கத்தில் அதிகம் கேட்கும் பிழை. ஏ. ஆர். ரஹ்மானை எடுத்துக்கொள்வோம். "ரஹ்மான் ஹேஸ் வொன் டூ ஒஸ்கார்ஸ்" என்பது சரி. "ரஹ்மான் வொன் டூ ஒஸ்கார்ஸ் இன் 2009" என்பதும் சரி. இரண்டையும் ஒன்றாகப் போட்டு "ரஹ்மான் ஹேஸ் வொன் டூ ஒஸ்கார்ஸ் இன் 2009" என்று எழுதினால்தான் பிழை. எப்போது என்று சொல்லாமல், அவர் கணக்கில் இரண்டு விருது இருக்கிறது என்று மட்டும் சொல்ல 'ஹேஸ் வொன்'. ஆண்டோ, நேற்றோ, போன கிழமையோ வசனத்துக்குள் வந்துவிட்டால் வெறும் 'வொன்'.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தியாசம் தமிழிலும் இருக்கிறது. "ரஹ்மானை நேரில் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்கிறோம். "ஓம், நேற்றுப் பார்த்தேன்" என்று பதில் சொல்கிறோம். "நேற்றுப் பார்த்திருக்கிறேன்" என்றால் நமக்கே உறுத்துகிறது. அப்படியிருக்க ஆங்கிலத்தில் மட்டும் ஏன் பிழை விடுகிறோம்? வினைச்சொல் நீளமாக இருந்தால் நல்ல ஆங்கிலம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது, அதுதான் காரணம் என்பது என் எண்ணம். 'சோ' என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டிலும் 'ஹேவ் சீன்' படித்த ஆள் கதைப்பது போலத் தெரிகிறது.

உயிரோடு இருக்கிறாரா, ஓய்வு பெற்றுவிட்டாரா?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிரபலங்களை வைத்துப் படிக்காவிட்டால் இது பிடிபடுவது கஷ்டம்.

ஒரு பையன் எழுதினான்: "எஸ்.பி.பி. ஹேஸ் சங் தௌசண்ட்ஸ் ஒஃப் சோங்ஸ்." ஆண்டு எதுவும் இல்லை, ஆகவே நான் மேலே சொன்ன விதிப்படி சரி என்றான். ஆனால் எஸ். பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டெம்பரில் காலமாகிவிட்டார். 'ஹேஸ் சங்' என்றால் ஆங்கிலக் காதுக்கு அவர் இன்னும் இருக்கிறார், நாளைக்கும் ஒரு பாட்டுப் பாடக்கூடும் என்று படும். அவருக்கு 'சேங்'தான். "எஸ்.பி.பி. சேங் தௌசண்ட்ஸ் ஒஃப் சோங்ஸ்." அவருடைய பாட்டுகளைப் பற்றி எழுதினால் கதை வேறு. "ஹிஸ் சோங்ஸ் ஹேவ் கம்ஃபர்ட்டட் மெனி பீப்பிள்" என்று தாராளமாக எழுதலாம். ஆள் போனாலும் பாட்டு இருக்கிறதே.

முரளிதரன் உயிரோடு இருக்கிறார், ஆனால் ஓய்வு பெற்றுவிட்டார். 1992இல் முதல் டெஸ்ட், 2010இல் காலியில் கடைசி டெஸ்ட், அதில் போட்ட கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட். 2009இல் அவரைப் பற்றி எழுதியிருந்தால் "ஹி ஹேஸ் டேக்கன் மோர் தேன் 700 விக்கெட்ஸ்" என்பது பொருத்தம், ஏனென்றால் கணக்கு அப்போது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு "ஹி டுக் 800 டெஸ்ட் விக்கெட்ஸ்" என்று எழுதுவதே நல்லது. அதே முரளிக்கு "ஹி ஹோல்ட்ஸ் த ரெக்கோர்ட்" என்று நிகழ்காலமும் வரும், சாதனை இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. "நோபடி ஹேஸ் ப்ரோக்கன் இட்" என்றும் எழுதலாம், நாளைக்கு ஒருவர் முறியடிக்க இடமிருக்கிறது. ஒரே மனிதர், மூன்று காலம்.

இன்னொன்று, நம் ஊரிலேயே இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின் கடற்படை அதிகாரி. 1852இல் பர்மாப் பக்கம் இறந்தார். அவருடைய கல்லறை திருகோணமலை நகரிலுள்ள பழைய ஆங்கிலேயர் மயானத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை "ஹி இஸ் பரிட் இன் டிரிங்கோமலி" என்று எழுதுவார்கள். செத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, பிறகென்ன 'இஸ்' என்று ஒரு பிள்ளை கேட்டாள். 'வோஸ் பரிட்' என்றால் அடக்கம் செய்த நாளின் நிகழ்ச்சி. 'இஸ் பரிட்' என்றால் இன்னும் அங்கேதான் கிடக்கிறார். "ஓ, எழும்பிப் போகேல்லைத்தானே" என்றாள். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

'சின்ஸ்' வந்தால் தமிழை நம்ப வேண்டாம்

ரஜினிகாந்த் 1975இலிருந்து நடிக்கிறார். தமிழில் 'நடிக்கிறார்' என்று நிகழ்காலம். அதை அப்படியே தூக்கிப் போட்டால் "ரஜினி இஸ் ஆக்டிங் சின்ஸ் 1975" என்று வரும். முன்பு தொடங்கி இன்றுவரை நீளும் எதற்கும் ஆங்கிலம் 'ஹேஸ் பீன்' கேட்கும்: "ரஜினி ஹேஸ் பீன் ஆக்டிங் சின்ஸ் 1975."

இங்கேயும் ஆளின் நிலையைப் பார்க்க வேண்டும். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008இல் கொழும்பில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். 2000ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை "ஹி ஹேஸ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 1956" என்று எழுதியிருந்தால் சரி. இப்போது எழுதினால் "ஹி லிவ்ட் ஹியர் ஃப்ரொம் 1956 அன்டில் ஹிஸ் டெத்".

கிளார்க்கை விடுவதற்குள் இன்னொரு பிழை. 'ஹேட்' போடுவது. "லாஸ்ட் வீக் ஐ ஹேட் கோன் டு கொழும்பு" என்று பெரியவர்களே சொல்வார்கள். நடந்து முடிந்தது என்று அழுத்திச் சொல்வதாக நினைப்பு. 'ஹேட்' தனியே நிற்காது. கடந்த காலத்தில் இரண்டு நிகழ்ச்சி இருந்து, அதில் எது முந்தியது என்று காட்டத்தான் அது. திருகோணமலைக் கோணேசர் கோயிலை எடுங்கள். சுவாமி மலையில் இருந்த பழைய கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் சிதைவுகளை 1956இல் கடலுக்கடியில் கிளார்க்கும் கூட்டாளியும் கண்டார்கள். ஆகவே: "இன் 1956 கிளார்க் ஃபவுண்ட் த ருயின்ஸ் ஒஃப் த டெம்பிள் த போச்சுகீஸ் ஹேட் டெஸ்ட்ரோய்ட்." கண்டது 'ஃபவுண்ட்', அதற்கு முந்தி இடித்தது 'ஹேட் டெஸ்ட்ரோய்ட்'. கொழும்புக்குப் போனதற்கு 'வென்ட்' போதும்.

தமிழ் உதவும் இடம், தமிழ் கவிழ்க்கும் இடம்

'டிட் நொட் ஆஸ்க்ட்' என்றாளே, அந்தப் பிழைக்கு மருந்து நம் மொழியிலேயே இருக்கிறது. 'கேட்டேன்' என்பதில் இறந்த காலம் இருக்கிறது. 'கேட்கவில்லை' என்பதில் இல்லை. கேட்க, இல்லை, அவ்வளவுதான். 'கேட்டேன் இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலமும் இதே கணக்குத்தான்: 'டிட் நொட்' வந்துவிட்டால் பின்னால் வெறும் 'ஆஸ்க்'. இதைச் சொன்னதும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கேள்வியில் தமிழ் காலை வாரிவிடும். 'வந்தாரா?' என்பதில் இறந்த காலம் வினையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் 'டிட் ஹி கேம்?' என்று வாயில் வந்துவிடுகிறது. அதற்குக் குறுக்குவழி கிடையாது. 'டிட் ஹி கம்?' என்று சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும்.

'வரும்போது' இன்னொரு பொறி. அதற்குள் எதிர்காலம் இருப்பதால் "வென் ஹி வில் கம், ஐ வில் டேக் எ செல்ஃபி" என்று எழுதுகிறார்கள். 'வென்' பக்கத்தில் 'வில்' வேண்டாம்: "வென் ஹி கம்ஸ், ஐ வில் டேக் எ செல்ஃபி." பழக்கத்தைச் சொல்லும் 'நிற்கும்', 'வருவார்' ஆகியவையும் இப்படித்தான். "அந்தக் காலத்தில் எம்.ஜி.ஆர். படம் வந்தால் சனம் விடியவே வரிசையில் நிற்கும்" என்று தாத்தா சொன்னதை ஒரு பேத்தி "பீப்பிள் வில் ஸ்டாண்ட்" என்று எழுதினாள். எதிர்காலத்தில் எம்.ஜி.ஆர். படத்துக்கு வரிசையா? 'யூஸ்ட் டு ஸ்டாண்ட்' அல்லது 'வுட் ஸ்டாண்ட்'.

எம்.ஜி.ஆர். என்றதும் பிறப்பும் இறப்பும் ஞாபகம் வருகிறது. நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்தார், 1987இல் இறந்தார். தமிழில் இரண்டும் ஒரே மாதிரி அமைகிற வினை. ஆங்கிலத்தில் 'ஹி வோஸ் போர்ன்', ஆனால் 'ஹி டைட்'. 'ஹி போர்ன் இன் 1917' என்று எழுதிய பையனைத் திருத்தினால், அடுத்த வரியில் சமமாக இருக்கட்டும் என்று 'ஹி வோஸ் டைட்' என்று எழுதி வைக்கிறான். பிறப்பு நாம் செய்கிற காரியமில்லை, ஆகவே 'வோஸ்' வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "சாவும் நாங்கள் செய்யிறதில்லையே ரீச்சர்" என்றான். நியாயமான கேள்வி. பாடமாக்கு என்று சொல்லித் தப்பித்தேன்.

'ஐ ஆம் ஹேவிங் ஹிஸ் ஓட்டோகிராப்' வேண்டாம், 'ஐ ஹேவ்' போதும். கையில் இருப்பதற்கு 'இங்' தேவையில்லை.

அந்த நடிகர் திரும்பவும் வருவதாகச் சொன்னாராம். "ஹி செட் ஐ வில் கம் எகெய்ன்" என்றாள் பிள்ளை. எழுத்தில் மேற்கோள் குறி காப்பாற்றிவிடும். வாயால் சொன்னால், இவள்தான் மறுபடி போகப் போகிறாள் போலக் கேட்கிறது. தமிழில் 'என்று' எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும், சொன்னவர் சொன்னபடியே வைக்கலாம். ஆங்கிலத்தில் ஆளும் மாற வேண்டும், காலமும் ஒரு படி பின்னால் போக வேண்டும்: "ஹி செட் ஹி வுட் கம் எகெய்ன்."

சினிமாச் செய்தி வாசித்து ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஒன்று. தலைப்பில் "ரஹ்மான் வின்ஸ் டூ ஒஸ்கார்ஸ்" என்று நிகழ்காலத்தில்தான் போடுவார்கள், நடந்து முடிந்த விடயமாக இருந்தாலும். அது தலைப்புக்கு மட்டும் உள்ள வழக்கம். கீழே செய்திக்குள் போனால் 'வொன்' என்றுதான் இருக்கும். தலைப்பைப் பார்த்துக் கட்டுரையில் எழுதாதீர்கள்.

கிரிக்கெட் வர்ணனையிலும் இதே நிகழ்காலம்தான், ஆனால் அங்கே அது கண்முன்னே நடக்கிறது. என் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். கொப்பியில் அவன் எழுதும் 'ஹி பிளே', 'ஹி சிங்' எதற்கும் கடைசி 'ஸ்' வராது. எத்தனை தரம் சிவப்பு மையால் வட்டம் போட்டாலும் வராது. போன ஞாயிறு டச்சுக் குடாக் கடற்கரையில் சின்னப் பெடியன்கள் ரப்பர் பந்தில் விளையாட, இவன் கவிழ்த்த வள்ளத்தின் மேல் ஏறி நின்று வர்ணனை செய்துகொண்டிருந்தான். "முரளி கம்ஸ் இன், ஹி போல்ஸ், இட் டேர்ன்ஸ், ஹி கெட்ஸ் ஹிம்!" ஒரு 'ஸ்'கூட விடுபடவில்லை. என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு குதித்து இறங்கிவிட்டான்.