எஸ்.பி.எம். முடித்த கையோடு முதல் வேலை: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவத்து அரசுத் தேர்வு) கடைசித் தாள் எழுதிய மறுவாரம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக வேலை கேட்டு நடப்பார்கள். பேரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருப்பார்கள். போன் வராது. அந்த போன் வர என்ன செய்ய வேண்டும் என்பதே இந்தப் பதிவு. டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களை நினைத்து எழுதுகிறேன். ரெசுமே எழுதுவது பள்ளியிலேயே சொல்லித் தந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: வயதைப் பாருங்கள்

உங்களுக்கு 15 முதல் 17 வயது என்றால் 1966-ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை வேலை கூடாது. ஒரு நாளைக்கு 7 மணி நேரம்தான். இன்னும் பள்ளிக்குப் போகிறீர்கள் என்றால் பள்ளி நேரத்தையும் சேர்த்து 8. தொடர்ந்து 4 மணி நேரத்துக்குப் பிறகு அரை மணி ஓய்வு கட்டாயம். ஆகவே இரவு 10 மணிக்கு மூடும் மினிமார்க்கெட்டில் குளோசிங் ஷிப்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். காலை ஷிப்டைக் கேளுங்கள்.

படி 2: கையில் என்ன வேண்டும்

ஐசி (அடையாள அட்டை) நகல் மூன்று. ஒவ்வொன்றின் குறுக்கேயும் இரண்டு கோடு போட்டு, நடுவில் 'உந்தோக் பெர்மோஹோனான் கெர்ஜா சஹாஜா' (வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்) என்று மலாயில் எழுதுங்கள். வேறு எதற்கும் அந்த நகலைப் பயன்படுத்துவது கஷ்டமாகிவிடும். பள்ளி விலகல் சான்றிதழ். உங்கள் பெயரில் பேங்க் கணக்கு. 18 வயது ஆகவில்லை என்றால் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிப் போங்கள். சாப்பாட்டுக் கடை வேலைக்கு டைபாய்டு ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் வேண்டும். ஊசி மூன்று வருடம் செல்லும். வேலை உறுதியாகும் முன் இதற்குக் காசு செலவழிக்காதீர்கள், முதலாளி கட்டுவாரா என்று கேட்ட பிறகு போடுங்கள்.

படி 3: 'எதுல வருவ?'

பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். முகவரியில் தோட்டத்தின் பேரைப் பார்த்ததும் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "எதுல வருவ, எப்படிப் போவ?" "அப்பா கொண்டு வந்து விடுவாரு" என்றால் காகிதம் மேசைக்குள் போய்விடும். அப்பாவுக்குக் காலையில் பெரட்டு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) இருக்கிறது, மழை நாளில் நீங்கள் வரமாட்டீர்கள் என்று முதலாளிக்குத் தெரியும்.

கேட்கும் முன்பே பதிலை எழுதிக்கொண்டு போங்கள். ரெசுமேயின் மேல் வரியில், போன் நம்பருக்குக் கீழே இப்படி: 'சொந்த மோட்டார், பி2 லைசென்ஸ், 20 நிமிடம்.' (மோட்டார் என்றால் மோட்டார்சைக்கிள், பி2 அதற்கான லைசென்ஸ்.) அல்லது 'பஸ் 7.10, கடைக்கு 7.45.' பஸ் நேரத்தை மூன்று நாள் நின்று பார்த்த பிறகே எழுதுங்கள். அட்டவணையை நம்பி எழுதிவிட்டு முதல் வாரமே தாமதமானால் பேர் கெட்டுவிடும். திரும்பும் பஸ்ஸையும் பாருங்கள். கடைசிப் பஸ் 6.30 என்றால் 7 மணிக்கு முடியும் ஷிப்டு உங்களுக்கு உதவாது.

பி2 லைசென்ஸ் 16 வயதில் எடுக்கலாம். லைசென்ஸ் இல்லாமல் அண்ணனுடைய மோட்டாரில் போய் வர நினைக்காதீர்கள், அடிபட்டால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. ஒரே தோட்டத்தில் இரண்டு பேர் ஒரே கடையில் ஒரே ஷிப்டு கேட்பதும் நல்ல வழி. ஒரு மோட்டார் போதும், முதலாளிக்கும் இரண்டு ஆள் ஒரே நேரத்தில் கிடைக்கும்.

படி 4: நேரில் போங்கள்

டவுன் கடைகளுக்கு ஆன்லைன் விண்ணப்பத்தைவிட நடை மேல் என்பது என் உறுதியான கருத்து. ஈப்போ பக்கம் கம்பெனி வேலை என்றால் பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைத் தளத்தில் பதியுங்கள், காசு கிடையாது. கடைக்குப் போக நல்ல நேரம் வார நாளில் காலை 10 முதல் 11.30. வாசலில் லாரி சாமான் இறக்கிக்கொண்டிருந்தால் அடுத்த கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். 'ஜாவாத்தான் கோசோங்' (வேலை காலி) போர்டு இல்லாத கடையிலும் கேளுங்கள். பெருநாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பு போர்டு மாட்டாமலே ஆள் எடுப்பார்கள்.

கவுண்டரில் சொல்ல இவ்வளவு போதும்: "சாயா பாரு ஹாபிஸ் எஸ்.பி.எம். நாக் மோஹோன் கெர்ஜா டி சினி. போலே ஜும்பா மேனேஜர்?" (இப்போதுதான் எஸ்.பி.எம். முடித்தேன், இங்கே வேலை கேட்க வந்தேன், மேனேஜரைப் பார்க்கலாமா?) தமிழர் கடை என்றால் 'அண்ணே', 'அக்கா' என்று கூப்பிட்டு அதையே தமிழில் சொல்லுங்கள். காகிதத்தைக் காசாளரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். மேனேஜர் இல்லையென்றால் எப்போது வருவார் என்று கேட்டு, அந்த நேரத்துக்குத் திரும்பிப் போங்கள்.

படி 5: சம்பளத்தைக் கணக்குப் போடுங்கள்

2025 ஆகஸ்ட் 1 முதல் எல்லா முதலாளிக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), மணிக்கு 8.17 வெள்ளி. மணிக்கணக்கில் 7 மணி நேரம் வேலை என்றால் நாளுக்கு 57.19, 26 நாளுக்கு 1,486.94. இதில் இ.பி.எப்.புக்கு (ஊழியர் சேமநிதி) உங்கள் பங்கு 11 விழுக்காடு, ஏறத்தாழ 164 வெள்ளி பிடிப்பார்கள். முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும். "இ.பி.எப். வேண்டாம், கையில் கூட வாங்கிக்கோ" என்றால் அந்த 13 விழுக்காடு போய்விடும், சம்மதிக்காதீர்கள். கல்லாவில் காசு குறைந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் சேரும் முன்பே கேளுங்கள். ஒத்துக்கொண்டதை வாட்ஸ்அப்பில் முதலாளிக்கே ஒரு வரி அனுப்பி வையுங்கள்: மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சம்பளம் எந்தத் தேதி.

பிறகு சேர்த்தது: 'முதல் மூன்று நாள் டிரெய்னிங், சம்பளம் இல்லை' என்று சில கடைகளில் சொல்வதாக வாசகர்கள் எழுதியிருந்தார்கள். சாமான் அடுக்கினால், கவுண்டரில் நின்றால் அது வேலைதான், சம்பளம் உண்டு. தரவில்லை என்றால் வாட்ஸ்அப் வரியோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

இன்னொன்று. 'வீட்டிலிருந்தே வேலை, உன் ஏ.டி.எம். கார்டை மட்டும் கொடு' என்று டெலிகிராமில் வந்தால் அது கெல்டாய் அக்காவுன், அதாவது மோசடிக்காரர்கள் பணம் கடத்தும் இரவல் கணக்கு. உங்கள் கணக்கில் திருட்டுப் பணம் ஓடும், போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். கார்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே பேங்குக்கும் 997-க்கும் (மோசடிப் புகார் மையம்) போன் போடுங்கள்.

சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள் வர வேண்டும், இ.பி.எப். அடுத்த மாதம் 15-க்குள் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் இ.பி.எப். பிடித்திருந்தும் 15 தாண்டிக் கணக்கில் ஏறவில்லை என்றால், சீட்டையும் ஐசியையும் எடுத்துக்கொண்டு ஈப்போ கே.டபிள்யூ.எஸ்.பி. (இ.பி.எப்.பின் மலாய்ப் பேர்) கவுண்டருக்குப் போங்கள்.